கிடத்தி வைத்த பாய்மரம்

டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.
3.4.2024

திரு. ரவிச்சந்திரன் அவர்களுக்கு,

காவேரியின் அம்மா சொர்ணம்மா எழுதுவது. நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு காரியம் வந்திருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். உங்கள் பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. உங்கள் சிநேகிதன் செந்தமிழனிடம் கேட்டு இந்தத் தூத்துக்குடி விலாசத்தை வாங்கினேன்.

போன திங்கட்கிழமை வண்டூர் ஜெட்டி ஆபீசிலிருந்து காவேரி பெயருக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. போஸ்ட்மேன் இந்தப் பக்கத்துக்குப் புதியவர். காவேரி மேடம் வந்து கையெழுத்துப் போடணும் என்றார். அவள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது என்று அவரிடம் வாசலில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு பேனாவை என்னிடம் நீட்டினார்.

வண்டூரில் படகு கட்டியிருக்கும் இடத்தில் ஏதோ கட்டுமான வேலை தொடங்கப் போகிறார்களாம். மே பத்தாம் தேதிக்குள் பாய்ப் படகை அதன் உரிமையாளர் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கல்யாணமான வருஷம் நீங்கள் படகை அவள் பெயரில் பதிந்தீர்கள். அதனால்தான் தபால் என் வீட்டுக்கு வந்தது.

செந்தமிழன் வந்து பேசினான். மழைக்காலம் தொடங்கப் போகிறது, வெளிக் கடலில் கொண்டுபோக முடியாது, உள்ளே போகிற உப்பங்கழியில் அவனுடைய கூட்டாளி பிமலின் நிலத்தருகே கட்டி வைக்கலாம் என்கிறான். ஆனால் வழியில் ரோட்டுப் பாலம் இருக்கிறது. பாய்மரம் நின்றபடி அதன் அடியில் போகாது. இறக்கி, டெக் மேலேயே கிடத்தித்தான் கொண்டுபோக வேண்டுமாம். அதை எப்படி இறக்குவது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று சொல்கிறான்.

என்னைக் கேட்டால் அதை உடைத்துப் போடச் சொல்வேன். அது இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க என்னால் முடியாது. இருந்தாலும் உங்கள் உழைப்பு அதில் இருக்கிறது. என்ன செய்வது என்று செந்தமிழனுக்கு எழுதிவிடுங்கள். நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சொர்ணம்மா


டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.
5.5.2024

மாப்பிள்ளை ரவிச்சந்திரனுக்கு,

அத்தை எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன கடிதத்தில் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பத்திரமாக இருக்கிறது. வியாழக்கிழமை கழிக்குள் கொண்டுபோய்விட்டோம். பிமல் வீட்டுப் பாக்குத் தோப்புக்குக் கீழே, நான்கு பக்கமும் கயிறு கட்டி நிற்கிறது. பாய்மரம் டெக் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அதன் உச்சியில் இருந்த சின்ன விளக்கும் கயிறு ஓடும் உருளையும் உடைந்துவிட்டன. அதற்குக் காரணம் நான். எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

எனக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதில் தப்பில்லை. செந்தமிழனுக்கு நீங்கள் அனுப்பிய தாளை அவன் என்னிடம் காட்டினான். இரண்டு பக்கமும் பாய்மரம் இறக்கும் விவரம். நான்கு ஆள் வேண்டும். பாயையும் அதன் அடியை விரித்துப் பிடிக்கிற அடித்தடியையும் முன்னதாகவே கழற்றி வைக்க வேண்டும். பக்கக் கம்பிகள் அப்படியே இருக்கட்டும், அவைதான் மரம் சாயும்போது ஆடாமல் பிடிக்கும். முன்பக்கக் கம்பியைக் கடைசியில் கழற்ற வேண்டும், கழற்றும் முன் அந்த இடத்தில் கயிறு கட்டி, கயிற்றை இரண்டு பேர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கீழே யாரும் நிற்கக் கூடாது. பக்கத்தில் சின்னதாகப் படம் வேறு போட்டிருந்தீர்கள். காவேரியைப் பற்றி ஒரு வரி இல்லை, என்னைப் பற்றியும் இல்லை என்று நினைத்துக்கொண்டே படித்தேன். கடைசியில், ‘அத்தை ஜெட்டிக்கு வந்தால் நிழலில் உட்கார வையுங்கள், அவர்களுக்கு வெயில் ஆகாது’ என்று இருந்தது.

அந்தத் தாளை மடித்து அவனிடமே கொடுத்துவிட்டேன். அன்றைக்கு என்னால் சமைக்க முடியவில்லை.

நான் படகில் ஏறுவதற்காகப் போகவில்லை மாப்பிள்ளை. உரிமையாளர் இறந்துவிட்டதால் குடும்பத்தில் ஒருவர் இறப்புச் சான்றிதழோடு வந்து கையெழுத்துப் போட்டால்தான் படகை அவிழ்க்க விடுவோம் என்று ஜெட்டி ஆபீசில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனேன்.

பாய்மரத்தை முந்தைய நாள் சாயங்காலமே இறக்கியிருந்தார்கள். நான் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது அது டெக் மேல் நீளமாகக் கிடந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பெருக்கல் குறி மாதிரி கட்டை அடித்து, அதன் மேல் பழைய மெத்தையைச் சுருட்டி வைத்து, மரத்தைக் கட்டியிருந்தார்கள். கம்பிகளையெல்லாம் சேர்த்துக் கந்தல் துணியால் அங்கங்கே முடிச்சுப் போட்டிருந்தார்கள். படகைவிட மரம் நீளம். முன்னால் ஒரு கை அளவும் பின்னால் ஆள் உயரத்துக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நின்றபோது அத்தனை மெலிதாகத் தெரிந்த மரம், கிடக்கும்போது இவ்வளவு பெரிதா என்று இருந்தது. சாதாரணமாக உட்கார்ந்து எழுந்திருக்கக்கூட இடம் விடாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது.

வர வேண்டிய நான்காவது ஆளுக்குக் காய்ச்சல். செந்தமிழன் முன்னால் அவனுடைய டுங்கியில், அந்தச் சின்னப் படகில், இன்ஜின் போட்டு இழுக்க வேண்டும், பிமல் சுக்கான் பிடிக்க வேண்டும், பிமலின் தம்பி முன்பக்கம் கம்போடு நிற்க வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மரத்தின் முனையைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. கழி வளையும்போது முன்பக்கம் திரும்பினால் பின்முனை எதிர்ப்பக்கம் வீசுமாம், கரையில் இருக்கிற கண்டல் மரக் கிளையில் மாட்டிக்கொள்ளுமாம். நான் உட்காருகிறேன் என்று சொன்னேன். செந்தமிழன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். அவள் கடைசியாகப் படுத்திருந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது. வேறு காரணம் இல்லை.

பாலம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிகிற நேரமாகப் பார்த்துத்தான் போனோம், பாலத்தடியில் இடம் கிடைக்க வேண்டும் என்று. எல்லாரும் குனிந்துகொண்டோம். தலைக்கு மேல் லாரி போகிற சத்தம் கேட்டது. பாய்மரத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. நின்றிருந்தால் பாதியில் முறிந்திருக்கும்.

பாலம் தாண்டி மூன்றாவது வளைவு. பின்முனை கிளைப் பக்கம் போவதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். தப்பித்துவிடும் என்று நினைத்தேன். வீணாகக் கத்தி அவர்களைக் கலவரப்படுத்துவானேன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முனை கிளைக்குள் சொருகிக்கொண்டது. படகு குறுக்கே திரும்பி, அடிப்பக்கம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. உச்சியில் இருந்த விளக்கு உடைந்து தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டேன்.

நான் பதறி எழுந்து கரைப்பக்கம் காலை வைக்கப் போனேன். பிமல் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். “மௌசி, நீச்சே மத் உத்தர்னா. மகர் ஹை” என்றான். கீழே இறங்காதே என்கிறான். அந்தக் கழியில் முதலை இருக்கிறது, போர்டே வைத்திருக்கிறார்கள். படகில் இருந்தபடியே கிளையை வெட்டி மரத்தை விடுவித்தார்கள். சேற்றிலிருந்து படகை எடுக்க முடியவில்லை. காலை எட்டு மணி. தண்ணீர் வடிந்து மறுபடி ஏறி வர மத்தியானம் இரண்டரை ஆகும் என்றான் செந்தமிழன். அதுவரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டுங்கியை அணைத்துவிட்டு அவனும் படகில் ஏறி வந்தான். என் தலைக்கு மேல் தார்ப்பாயைக் கட்டி நிழல் போட்டுக்கொடுத்தான்.

அவன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். “பார்த்துட்டீங்கல்ல அம்மா? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே” என்றான்.

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். நான் விடவில்லை. ஆறு மணி நேரம் ஒரு மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறவர்கள் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்? மெதுவாகச் சொன்னான். காவேரி போன அன்றைக்கு நீங்களும் இதையேதான் சொல்லிக்கொண்டே வந்தீர்களாம்.

எனக்கு அந்த நாள் பாதிதான் தெரியும் மாப்பிள்ளை. போர்ட் பிளேரில் பெயின்ட் அடித்து முடித்துப் படகை வண்டூருக்குக் கொண்டு வந்தீர்கள், சிடியா தாப்பு முனையைத் தாண்டியதும் காற்று நின்றுவிட்டது, இன்ஜினும் நின்றுவிட்டது, போனில் சிக்னல் இல்லை, பொழுது சாயும்போது செந்தமிழன் பார்த்து இழுத்து வந்தான் என்பது வரைதான். மீதியை வியாழக்கிழமை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் பார்க்கும்போது நீங்கள் சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு அவள் தலையை மடியில் வைத்திருந்தீர்களாம். துடுப்புப் போட்டுப் போட்டு இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்ததாம். எப்போதிருந்து வலிக்குது, யார்கிட்டயாவது சொன்னியா, அம்மாகிட்ட சொன்னியா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களாம்.

அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான். “யார்கிட்டயும் சொல்லலங்க. அம்மாவுக்கும் தெரியாது. இப்பத்தான் வலிக்குது.”

அதற்குப் பிறகு வண்டூர் வரும்வரை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் படகை அவிழ்த்தே இருக்க மாட்டேனே என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்களாம்.

மாப்பிள்ளை, இனி எழுதப் போவதை மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்கப் போவதில்லை.

அவள் சொன்னது பொய். அவள் என்னிடம் சொன்னாள்.

அன்று காலை ஆறே முக்காலுக்கு, படகு கிளம்பும் முன் எனக்குப் போன் செய்தாள். நீங்கள் டீசல் வாங்கப் போயிருந்தீர்கள் என்றாள். நாள் தள்ளி நாற்பத்தைந்து நாள் ஆகிறது, இரண்டு நாளாக வலது பக்கம் அடிவயிற்றைச் சுருக்கென்று இழுக்கிறது, நேற்றுக் கொஞ்சம் ரத்தம் பட்டது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வரவா, அவரிடம் சொல்லிவிடவா என்று கேட்டாள். அவள் என்னைக் கேட்டாள் மாப்பிள்ளை.

நான் இருபத்தாறு வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். எத்தனை பெண்களுக்கு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரத்தம் பட்டால், ஒரு பக்கம் வலித்தால், அந்த நிமிஷமே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போ என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன வாய் இது. என் பெண்ணிடம் என்ன சொன்னேன் தெரியுமா? கரு தங்கும்போது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், படுத்துக்கொண்டே போ, சரியாகிவிடும் என்றேன். மூணு மாசம் முடிகிற வரைக்கும் யாரிடமும் வாயைத் திறக்காதே, ரவியிடம்கூட இப்போது சொல்லாதே என்றேன்.

முன்னால் இரண்டு தடவையும் நாற்பதாம் நாளே ஊரெல்லாம் சொன்னோம். இரண்டு தடவையும் நிற்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். இரண்டாவது தடவை நீங்கள் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுததைப் பார்த்திருந்தேன். மறுபடி ஏமாந்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன். இதெல்லாம் காரணம் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். அவள் சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தாள். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலிருந்து இறக்கும்போதே அவள் இல்லை. கரு குழாயில் தங்கி வெடித்துவிட்டது, காலையிலேயே கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் நம் இரண்டு பேரையும் நிற்க வைத்துத்தான் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அத்தை, எனக்குத் தெரியாது அத்தை என்றீர்கள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. அத்தனை பேர் நடுவில், உன் படகுதான் என் பிள்ளையைத் தின்றது, நீதான் கொன்றாய் என்றேன். பதினாறாம் நாள் நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது கதவைத் திறக்கவில்லை. உங்களை உள்ளே விட்டால் நீங்கள் அழுவீர்கள், அழுதால் நான் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. நீங்கள் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் போனிலிருந்து அந்த அழைப்பு விவரத்தை நான்தான் அழித்தேன். போனை உங்களிடம் கொடுக்கும் முன்னால்.

இத்தனை நாளும் எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். எப்படியும் வலி வந்ததும் அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள், அம்மா சும்மா இருக்கச் சொன்னாள் என்று சொல்லியிருப்பாள், நீங்கள்தான் எனக்காக அதை வெளியே சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று. உங்களுக்குத் தெரிந்தும் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன். அது என் வசதிக்கு நினைத்தது. வியாழக்கிழமை அந்தச் சேற்றில் உட்கார்ந்துதான் தெரிந்தது. உயிர் போகிற வலியில், தன் புருஷன் மடியில் படுத்துக்கொண்டு, நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று என் பிள்ளை பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நான் உங்களைத் தெருவில் நிறுத்தியிருக்கிறேன்.

செந்தமிழனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள் என்றும் தோன்றியது. அவன் கொண்டுவந்த இட்லியைப் பிரித்துக் கொடுத்தான், சாப்பிட்டேன். பிமல் ஏதோ அவனுடைய பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டரைக்குச் சொன்ன மாதிரியே தண்ணீர் ஏறியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மெல்ல நிமிர்ந்தது. அதற்குப் பிறகு இருந்த ஏழெட்டு வளைவிலும் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக் கத்தினேன். போதும் அம்மா, இவ்வளவு சத்தம் வேண்டாம் என்று செந்தமிழன் டுங்கியிலிருந்து சொல்கிற அளவுக்குக் கத்தினேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை.

படகைக் கட்டி முடித்து மற்றவர்கள் இறங்கிய பிறகு, சுக்கான் பக்கத்தில் அவள் படுத்திருந்த இடத்தைச் செந்தமிழன் காட்டினான். நீங்கள் பெயின்ட் அடித்த பலகைதான். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டுச் சுட்டது.

உடைந்த உருளையை எடுத்து வைத்திருக்கிறேன். அது மாதிரி இங்கே கிடைக்காதாம். படகை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்பது உங்கள் விருப்பம். எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். உடைத்துப் போடச் சொல்வேன் என்று போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் மன்னித்தாலும் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் அம்மா ஜெயமணி சம்பந்திக்கு இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு அவர்களையும் நான் பேசாத பேச்சுப் பேசினேன். அவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லட்டும். இங்கே நான் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்குச் செந்தமிழனிடம் தொடங்குகிறேன். எனக்காக இதை மறைத்து வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் குணம் எனக்குத் தெரியும். வேண்டாம்.

உங்களுக்கு முப்பத்து நான்கு வயசுதான் ஆகிறது. துணை வேண்டும் என்று எப்போதாவது தோன்றினால், அவளுக்குச் செய்கிற துரோகம் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் வந்து நிற்கிறேன். நிற்கக் கூடாது என்று சொன்னால் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

துறைமுகத்தில் நீங்கள் நைட் டியூட்டியாகவே கேட்டு வாங்குகிறீர்கள், படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று சொன்னீர்கள் என்று செந்தமிழன் சொன்னான். நீங்கள் கேட்டீர்கள் மாப்பிள்ளை. அவளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டீர்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தீர்கள். இனி பகல் டியூட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். தூங்குங்கள்.

உங்கள் அத்தை,
சொர்ணம்மா